நூற்றிருபது விடைத்தாளும் ஒரு குளியலும்

இந்தக் குற்றாலச் சாரல் சீசன் முடிவதற்குள், யாருடைய துணிக்கும் காவல் நிற்காமல், அருவியில் தலையைக் கொடுத்து முழுசாக ஒரு மணி நேரம் நின்றுவிடுவது என்று இசக்கிமணி சார் முடிவெடுத்தார். முடிவெடுத்தபோது அவர் எட்டாம் வகுப்பில் விசையும் அழுத்தமும் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டையும் அவர் வீட்டில் அனுபவித்தவர் என்பதால் பாடம் நன்றாகவே போனது.

தென்காசியில் சொந்த வீடு இருப்பவனுக்குச் சாரல் என்றால் மழை இல்லை. மச்சினன். ஜூன் பிறந்து அருவியில் தண்ணீர் விழுகிற செய்தி திருவேங்கடத்துக்கு எட்டினால் போதும், முத்துசெல்வியின் தம்பி பிச்சைமணி வேன் பேசிவிடுவான். திருவேங்கடம் கரிசல் காடு. அங்கே வருடம் முழுக்கக் காய்ந்த ஜனம் இங்கே ஒரே நாளில் நனைந்து தீர்க்கும். கல்யாணமாகிப் பதினாறு வருடம். கொரோனாவில் அருவியைப் பூட்டியிருந்த நாட்களைத் தவிர மற்ற எல்லாச் சாரலிலும் சாருக்கு ஒரே உத்தியோகம்தான். பதினோரு பேரின் மாற்றுத்துணி, ஏழு போன், மூன்று மூக்குக்கண்ணாடி, மாமியாரின் பல்செட், இத்தனைக்கும் காவல். "நீங்க இங்கனயே இருக்கவருதான? எப்ப வேணா குளிச்சிக்கிடலாம்லா" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அருவிக்குள் போய்விடுவார்கள். அந்த "எப்ப வேணா" பதினாறு வருடமாக வரவே இல்லை.

வழி பிறந்தது ஒரு பயிற்சி வகுப்பில். தலைமையாசிரியை ஜெபமலர், "சார், நீங்கதான் போகணும்" என்று அவரை அனுப்பி வைத்தார். தலைப்பு: வகுப்பறைக்கு உதவும் இலவச இணையக் கருவிகள். காலையில் கொட்டாவியோடு உட்கார்ந்த சார், மாலையில் இருபத்து மூன்று கருவிகளின் பட்டியலோடு எழுந்தார். அத்தனையும் இலவசம். இந்தக் காலத்தில் அறிவுரை ஒன்றுதான் இலவசம் என்று நினைத்திருந்த மனிதருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

முதலில் வீட்டில்தான் சோதித்தார். மாணவர் பெயரைக் குலுக்கி எடுக்கிற சக்கரம் ஒன்று. அதில் இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், உப்புமா என்று எழுதி, காலையில் அடுப்படிக்குப் போனார்.

"செல்வி, இனிமே வீட்ல சண்டையே கெடையாது. சக்கரம் சொல்லுததுதான் டிபன்."

சக்கரம் சுழன்று ஆப்பத்தில் நின்றது.

"உப்புமா" என்றாள் முத்துசெல்வி.

"ஆப்பம்லா வந்திருக்கு?"

"சக்கரத்துக்கு ஆப்பம் வந்திருக்கு. எனக்கு மாவு வரலையே. ரவைதான் இருக்கு."

அடுத்து இரைச்சல்மானி. வகுப்பில் சத்தம் கூடினால் திரையில் வண்ணப் பந்துகள் துள்ளும். அதை அடுப்படி வாசலில் வைத்தார். மிக்ஸி ஓடியபோது பந்துகள் பாதித் திரைக்குத் துள்ளின. "ஏங்க, ஈரத்துண்டை எத்தனை மட்டம் சொல்லியாச்சு கட்டில்ல போடாதீயன்னு" என்று முத்துசெல்வி கேட்டபோது திரைக்கு வெளியே போய்விட்டன.

இப்படிச் சின்னச் சின்னத் தோல்விகள் இருந்தாலும் சார் தளரவில்லை. அவளுக்குப் போனில் என்ன தெரியும், தங்கச்சிக்கு வீடியோ கால் போடத் தெரியும், அவ்வளவுதானே என்பது அவர் எண்ணம். கொரோனாவில் அவருடைய போன் படுத்துவிட, ஒன்றரை வருடம் அவள் போனில்தான் பாடம் நடத்தினார். அப்போது போனை நிமிர்த்திப் பிடித்து நின்றவள் அவள்தான். அதெல்லாம் அவருக்கு இப்போது ஞாபகம் இல்லை.

பட்டியலில் பதினேழாவது கருவிதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. சரியான விடைக்கு வட்டத்தைக் கறுப்பாக்குகிற விடைத்தாளுக்கு நேராகப் போன் கேமராவைக் காட்டினால், அதுவே திருத்தி மார்க் போட்டுவிடும். காலாண்டுக்கு முன்னால் வைத்த தேர்வின் நூற்றிருபது தாளையும் வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தார். வழக்கமாக அதற்கு மூன்று நாளும் ஒரு தலைவலித் தைலமும் ஆகும்.

பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு வாத்தியார் நாசர், கடையநல்லூர்க்காரர், வாயைப் பிளந்தார். "மணி சார், அப்ப நாளைக்கு ஃப்ரீயா?"

"உலகத்துக்கு நான் பிஸி. உமக்கு மட்டும் ஃப்ரீ. காலைல ஏழேகாலுக்கு பைக்கை எடுத்துக்கிட்டு தெருமுக்குல வந்து நில்லும். பழைய குத்தாலம்."

"வீட்டம்மா?"

"அதுக்கும் கருவி இருக்குவே."

அந்தக் கருவி வகுப்புப் பக்கத்துக்குள்ளேயே இருந்தது. பெற்றோர்கள், தலைமையாசிரியை எல்லாரும் பார்க்கிற பக்கம் அது. மகளும் அவர் வகுப்புத்தான் என்பதால் முத்துசெல்விக்கும் எல்லா அறிவிப்பும் போகும். அதில் அறிவிப்பை முன்கூட்டியே எழுதி, எந்த மணிக்கு வெளியாக வேண்டும் என்று குறித்து வைக்கலாம். சார் நான்கு எழுதினார். எட்டு மணிக்கு, "விடைத்தாள் திருத்தும் பணி தொடங்கியது." ஒன்பதரைக்கு, "முப்பது தாள்கள் நிறைவு." பதினொன்றுக்கு, "எழுபது." பன்னிரண்டரைக்கு, "பணி இனிதே நிறைவுற்றது." உழைக்கிற மனிதனின் களைப்பு தெரிய வேண்டும் என்று மூன்றாவதில் ஒரு எழுத்துப் பிழையும் வைத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருட சர்வீஸ். பாடக்குறிப்பு எழுதாமல் அவருக்குக் கை ஓடாது. அதே இணையக் கணக்கில், தனக்கு மட்டும் தெரிகிற இடத்தில், இலவசமாகக் கிடைத்த பாடக்குறிப்பு படிவத்தில், சனிக்கிழமையையும் நிரப்பினார்.

அலகு: பழைய குற்றாலம். நேரம்: காலை 7.15 முதல் 12.00 வரை. கற்றல் விளைவு: தனியாகக் குளிப்பதன் மகிழ்ச்சியை உணர்தல். துணைக்கருவிகள்: நல்லெண்ணெய், துண்டு, நாசர். மதிப்பீடு: முத்துசெல்விக்குத் தெரியாமை.

படித்துப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. இன்ஸ்பெக்ஷன் வந்தால்கூடக் காட்டலாம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் விடைத்தாள் கட்டை மேசை மேல் தொப்பென்று போட்டார்.

"நாளைக்கு பிச்சைமணி வேன் வருது. பதினோரு பேரு. ஐந்தருவிக்குப் போறோம்" என்றாள் முத்துசெல்வி.

"நூத்தியிருபது பேப்பர் கெடக்கு செல்வி. ஹெச்செம் டீச்சர் திங்கக்கிழமை மார்க் கேக்காவ. நான் எங்க வர?"

"அப்படியா? சரி, நீங்க திருத்துங்க. வேலைதான முக்கியம்."

பதினாறு வருடத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் "சரி" சொன்னதே கிடையாது. யோசிக்க வேண்டிய இடம் அது. சார் அதைத் தன் நடிப்புக்கு விழுந்த நூற்றுக்கு நூறு என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு வேன் போனது. ஏழேகாலுக்கு சார் போனார். பழைய குற்றால வாசலில் போர்டு இருந்தது: குளிக்க அனுமதி காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. "நாசரே, பத்து மணி நேரம் இருக்குவே, பத்து மணி நேரம்!" என்று போர்டைத் தட்டிக் கொடுத்தார். தண்ணீர் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. சாரல் முகத்தில் தெறித்தது. கூட்டமும் அதிகமில்லை. அவசரப்படுவானேன், முறையாகச் செய்வோம் என்று மசாஜ்காரர் முன்னால் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் இறங்கியது. எட்டு மணிக்குப் போன் சிணுங்கியது. "விடைத்தாள் திருத்தும் பணி தொடங்கியது." அதன் கீழே தலைமையாசிரியையின் லைக் கட்டைவிரல் உடனே விழுந்தது. சார் கண்ணை மூடிச் சிரித்தார்.

எழுந்து அருவிப் பக்கம் திரும்பினார். இன்னும் பத்தடி. ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார்.

"ஏங்க, இந்தப் பையைக் கொஞ்சம் புடிங்க."

குரல் பின்னால் இருந்து வந்தது. சாருக்கு எண்ணெய்க்கு உள்ளேயும் வேர்த்தது. திரும்பினால் முத்துசெல்வி. அவளுக்குப் பின்னால் பிச்சைமணி, அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மாமியார்.

"அத்தான்! பேப்பர் இருக்குன்னு அக்கா சொல்லிச்சு?" என்றான் பிச்சைமணி.

"நீங்க... ஐந்தருவிக்கில்லா..."

"ஐந்தருவிக்குத்தான் கெளம்புனோம்" என்றாள் முத்துசெல்வி. "பாடக்குறிப்புல பழைய குத்தாலம்னு போட்டிருந்துச்சு. சரி, வாத்தியாரு எழுதுனா தப்பா இருக்காதுன்னு வண்டியை இங்கன திருப்பச் சொன்னேன்."

"எந்தப் பாடக்குறிப்பு?"

அவள் தன் போனை நீட்டினாள். அதே பக்கம். அதே படிவம்.

"கொரோனால என் போன்லதான பாடம் நடத்துனீய? அன்னைக்கு உள்ள போன உங்க கணக்கு இன்னைக்கு வரைக்கும் வெளிய வரல. நீங்க எழுதுதது, அழிக்கது எல்லாம் இங்கனயும் வருது. கடைசி வரிதான் எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. மதிப்பீட்டுல நீங்க பெயிலுங்க."

நாசர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நைசாக அருவிப் பக்கம் நகர்ந்தார். துணைக்கருவிகளில் ஒன்று குறைந்தது.

சார் தேற்றிக்கொண்டார். ஆனது ஆகிவிட்டது. எண்ணெய் தேய்த்தாகிவிட்டது. இனிக் குளிப்பதை யார் தடுக்க முடியும்? "செல்வி, தப்புத்தான். வந்தது வந்தாச்சு, ஒரு குளி போட்டுட்டு வந்து நானே துணியைப் பாத்துக்கிடுதேன்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு இன்னொரு காலையும் எடுத்தார்.

"சார்! நீங்களா?"

மெஹர் பானு. எட்டாம் வகுப்பு பி பிரிவில் மகளைப் படிக்க வைத்திருப்பவர், கையில் போனோடு நின்றார். "இப்பத்தான் உங்க மெசேஜ் பாத்தேன். பேப்பர் திருத்த ஆரம்பிச்சாச்சுன்னு. பாவம், லீவு நாள்ல கூட உழைக்காவன்னு எங்க வீட்ல சொல்லிக்கிட்டிருந்தேன்..." எண்ணெய் வடியும் சாரை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

சார் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். முத்துசெல்வி முந்திக்கொண்டாள்.

"ஆமாக்கா, திருத்திக்கிட்டுத்தான் இருக்காவ. வீட்ல தனியா விட்டா சாப்பிடமாட்டாவன்னு நான்தான் கட்டோட கூட்டிட்டு வந்தேன். எண்ணெய் உடம்பு வலிக்கு. இப்ப வேனுக்குப் போயிருவாவ." பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்தாள். காலையில் அது மேசை மேல் இல்லாததை சார் கவனிக்கவே இல்லை. நூல் கட்டு மாறாமல் இருந்தது. அதன் மேல் ஒரு சிவப்புப் பேனா. "இந்தாங்க. நாங்க குளிச்சிட்டு வாரோம். துணியும் வேன்லதான் கெடக்கு, அப்படியே ஒரு கண் பாத்துக்கிடுங்க."

"சார் மாதிரி இருக்கணும்" என்றார் மெஹர் பானு உருகி. அவர் தன் வண்டியையும் அதே வரிசையில், வேனுக்கு எதிரிலேயே நிறுத்தியிருந்தார். அவர் குடும்பத்தில் யாராவது ஒருவர் அதற்குள் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் முறை வைத்துக் குளித்தார்கள். ஆகவே சாரின் பேனா அசைய வேண்டியிருந்தது.

கருவி திருத்தி முடித்த தாளை சார் கையால் மறுபடி திருத்தினார். எண்ணெய் விரல் பட்டு ஒவ்வொரு தாளிலும் ஒரு கண்ணாடி ஜன்னல் விழுந்தது. ஒன்பதரைக்கு "முப்பது தாள்கள் நிறைவு" என்று போன் சொன்னபோது அவர் உண்மையில் பன்னிரண்டில் இருந்தார். பதினொன்றுக்கு, அவரே வைத்த பிழையோடு எழுபது வந்தது. ஒரு பெற்றோர் அதைத் திருத்தியும் போட்டிருந்தார். இதற்குள் பிச்சைமணி மூன்று குளி போட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியாக ஈரத்துணி உள்ளே விழுந்தது. நாசர்கூட ஒருமுறை எட்டிப் பார்த்து, "தண்ணி பிரமாதம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனாலும் சாருக்கு நம்பிக்கை போகவில்லை. பன்னிரண்டரை இருக்கிறதே. "பணி இனிதே நிறைவுற்றது" என்று அவர் கையெழுத்தோடு உலகத்துக்கே அறிவிப்பு வரப்போகிறது. அதற்கப்புறம் எந்த மெஹர் பானு எதைக் கேட்க முடியும்? பன்னிரண்டு இருபத்தைந்துக்கே துண்டை இறுக்கிக் கட்டினார். பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு வேன் கதவில் கை வைத்தார். ஈரத் தலையோடு முத்துசெல்வி வந்து படியில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்ன ஆரம்பித்தாள்.

"இன்னும் ரெண்டு நிமிசம்" என்றார் சார், ஜெயித்த முகத்தோடு.

போன் சிணுங்கியது. எதிர் வண்டியில் மெஹர் பானுவின் போனும் சிணுங்கியது. சார் படித்தார்.

"விடைத்தாள் திருத்தும் பணி இன்று மாலை ஆறு மணி வரை இடைவிடாது நடைபெறும். பெற்றோர் ஒத்துழைக்கவும். இப்படிக்கு, இசக்கிமணி, அறிவியல் ஆசிரியர்."

கீழே தலைமையாசிரியை ஜெபமலரின் கட்டைவிரல் ஏற்கெனவே விழுந்திருந்தது.

"குறிச்சு வச்சதைத் திருத்தவும் செய்யலாம்னு அதுல ஒரு பென்சில் படம் இருக்குலா" என்றாள் முத்துசெல்வி, பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே. "இலவசம்தான்."

சார் மெதுவாகத் தலையைத் தூக்கி அருவி வாசல் போர்டைப் பார்த்தார். அங்கேயும் மாலை ஆறு வரைதான்.