கூப்பிட்ட நேரத்தில் மேளம்

"மொதல்ல திரைய எறக்கணும் சார்," என்று சந்தியா போனில் சொல்லி முடிக்கவில்லை. திரை இறங்கிவிட்டது.

மணமகளுக்கும் மணமகனுக்கும் நடுவில்.

விடியற்காலையில் இதே மேடையில் நடந்தது தெலுங்குக் கல்யாணம். அதில் திரை உண்டு. தலையில் சீரகமும் வெல்லமும் வைக்கும்வரை இருவரும் முகம் பார்க்கக்கூடாது. அதைத்தான் அவள் கிரண்குமாருக்கு விவரித்துக்கொண்டிருந்தாள். இப்போது நடப்பது தமிழ்க் கல்யாணம். திரை கிடையாது.

"எம் பொண்ண மறச்சிட்டாங்களே!" மணமகளின் தாய் ருக்மணி எழுந்துவிட்டாள்.

மண்டபத்து உரிமையாளர் வேங்கடாசலம், மேடையோரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த சந்தியாவிடம் வந்து குனிந்தார். "ஏமம்மா, இந்தக் கல்யாணம் ஒழுங்கா முடிஞ்சாத்தான் உன் புரோகிராமு. இல்லன்னா சாயங்காலமே எடுத்துக்கினு போயிடு."

சந்தியா எழுதிய முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் அது. திரை, பூப்பெட்டி, கெட்டிமேளம், எல்லாவற்றுக்கும் ஒரே பட்டன். அமுக்கும் நொடியில்தான் அது யார் கல்யாணம் என்று பார்க்கும். அதற்குரிய வேலையைத் தேடி, அங்கேயே ஒரு லிங்க் போட்டு இணைத்துக்கொள்ளும். முன்கூட்டி எதுவும் முடிவாகாது. நகரியில் தறி ஓட்டும் வீட்டுப் பெண்ணை நம்பி இதை ஒப்படைத்தவர் திருப்பதி அலுவலகத்தில் இருக்கும் கிரண்குமார். அவருக்காகவாவது இது ஓட வேண்டும்.

"நான் பட்டனையே தொடல சார்!"

"காலைல கட்டுன லிங்க் அப்பிடியே நிக்குது போல. ஒரு தடவ தேடிப் புடிச்சத அது ஞாபகம் வச்சிக்கும். அறுத்துடு. புதுசா தேடட்டும்."

கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. "அறுத்துட்டேன் சார்! இப்ப திரையத் தூக்கணும்!"

திரை ஏறியது.

"தேங்க்ஸ் சார்! தேங்க்ஸ்!"

"இரு. சரியா தேடுதான்னு பாத்துடு. இல்லாட்டி தாலி கட்டறப்போ மாட்டிக்குவ. சம்பந்தமில்லாத ஒண்ணக் கூப்புடு."

"பொறந்தநாள் பாட்டு?"

"போடு. சவுண்ட கொறச்சிக்க."

லேப்டாப்பின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தாள். "பொறந்தநாள் பாட்டு போடறேன் சார்!"

மண்டபம் முழுக்க ஹேப்பி பர்த்டே ஒலித்தது. நெய் விட்டுக்கொண்டிருந்த ஐயர் கரண்டியோடு திரும்பினார். பின்வரிசையில் கைதட்டினார்கள்.

"யாருக்குய்யா பொறந்தநாளு?"

"ஐயருக்குப் போலக்குது."

சந்தியா அலறினாள். "சவுண்டே வைக்கல சார்! ஐயோ, பாட்ட நிறுத்தணும்!"

பாட்டு நின்றது.

"பாரு, நீ சொன்னா கேக்குது," என்றார் கிரண்குமார். "இப்ப பூவோட லிங்க அறுத்துட்டு ஒரு தடவ கூப்புடு. லிங்க் இல்லாம எப்பிடிக் கொட்டும்? கொட்டாது."

அறுத்தாள். "பூவ போடறேன் சார்!"

கொட்டியது. பாதிப் பெட்டி ரோஜா இதழ் ஐயர் மேலும் ஹோமத்தின் மேலும். புகை எழுந்தது. மாப்பிள்ளை இருமினான்.

வேங்கடாசலம் மறுபடி குனிந்தார். "சாயங்காலம்கூட வேணாம்மா. தாலி ஏறினதும் கெளம்பு."

சந்தியா போனை வைத்தாள். லேப்டாப்பை மூடினாள். இனி எதைக் கூப்பிடவும் அவளிடம் எதுவும் இல்லை.

மாப்பிள்ளை தாலியை எடுத்தான். ஸ்பீக்கர் அமைதியாக இருந்தது. அவள் கண்ணை மூடித் தாயார் கோயில் இருக்கும் திசையில் கைகூப்பினாள். தன்னை மறந்து கத்திவிட்டாள்.

"அம்மா தாயாரே! இப்ப மேளம் கொட்டணும், மிச்சப் பூ விழணும், திரை மட்டும் எறங்கவே கூடாது!"

மேளம் கொட்டியது. பூ விழுந்தது. திரை அசையவில்லை.

ருக்மணி ஓடிவந்து அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "கரெக்டா தாலி முடிச்சி ஏறக்குள்ள பூ விழுந்துச்சி கண்ணு! துன்னுட்டுத்தான் போவணும் நீ."

"மஞ்சிதி, நல்லது," என்றார் வேங்கடாசலம். "புரோகிராம வச்சிக்கலாம்."

சந்தியா அழுதுகொண்டே போன் செய்தாள். "எல்லாம் ஒங்க தயவு சார். லேப்டாப்ப மூடிட்டுத் தாயாரக் கூப்ட்டேன், எல்லாம் ஓடிச்சு."

"லேப்டாப்ப மூடினப்புறமா ஓடிச்சு?" என்றார் கிரண்குமார். "தாயாருக்கு ஒரு தேங்கா ஒடச்சிடும்மா. எம் பேர்லயும் ஒண்ணு."

மேடையின் பின்துணியை விலக்கிக்கொண்டு மண்டபத்து எலக்ட்ரீஷியன் பாலையா வெளியே வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"டெகரேஷன்காரன் காத்தாலயே உன் லேப்டாப்பு ஒயர அறுத்துட்டாம்மா, நீ கத்தக் கத்த நான்தான் ஒவ்வொரு ஸ்விட்ச்சா போட்டுக்கினு இருந்தேன், கடைசியாதான் புரியறாப்பல சொன்ன, நல்லா இருப்ப."