பாய்லர் சரியாகிவிட்டது, பயப்படாதே

அன்பு மகள் லோர்னாவுக்கு,

அப்பாவின் ஆசிகள். இங்கே நானும் உன் அம்மா ஈனிட்டும் கதகதப்பாக இருக்கிறோம். ஹாலிஃபாக்ஸில் மழை வழக்கம்போல. "இன்னொரு தடவை பாய்லர் மக்கர் பண்ணுச்சுன்னா வீட்டை வித்துட்டு என் தெருவுல இருக்கிற ஃபிளாட்டுக்கு வந்துடணும்" என்று சொன்னாயே, அந்தப் பேச்சே இனி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

காலையில் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டரெல்லாம் ஜில்லென்று இருந்தது. பாய்லரில் தண்ணீர் அழுத்தம் காட்டும் முள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஏறட்டும் என்று பாய்லருக்கு அடியிலிருக்கும் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன், அந்த நேரம் பார்த்து உன் அம்மா டீ கொண்டுவந்தாள். டீயை ஆறவிடுவது நம் குடும்பத்தில் உண்டா? குடித்துவிட்டு வந்தால் முள் சிவப்பில் நிற்கிறது, அழுத்தம் மிஞ்சி வெளிச்சுவர்க் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, அதற்கடியில் பக்கத்து வீட்டு டெனிஸ் நிற்கிறார்! டீ நேரத்தில் கதவைத் தட்டக் கூடாதென்று காத்திருந்தாராம். "மன்னிக்கணும் கிளிஃபர்ட், தொந்தரவுன்னு நினைக்காதீங்க. உங்க வீடு என் தலையில பெய்யுது" என்றார்.

நனைந்த மனிதரைச் சும்மா அனுப்ப முடியுமா? மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்துவிட்டு, அழுத்தத்தைக் குறைக்கலாமென்று ரேடியேட்டரின் திருகைத் திறந்தேன். கறுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. கைக்குக் கிடைத்த கிரேவி ஜாடியில் பிடித்து மேஜைமேல் வைத்தேன். வைத்தது தப்புதான். டெனிஸ் அதை மாட்டிறைச்சிமேல் ஊற்றி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பிரமாதம் ஈனிட். உப்பு மட்டும் ஒரு சிட்டிகை கம்மி" என்றார். உன் அம்மா தட்டைப் பிடுங்கிக்கொண்டு என்மேல் பாய்ந்தாள்.

"இந்த வயசுல உங்களுக்கு பிளம்பர் வேஷம் கேக்குதா? மரியாதை தெரிஞ்ச மனுஷன்னா கொன்னுடலாமா?"

எவ்வளவு தண்ணீர் எடுத்தாலும் முள் மறுபடி ஏறியது. கடைசியில் டெனிஸ்தான், "தப்பா எடுத்துக்காதீங்க, தண்ணி ஏத்தத் திறந்த குழாயை மூடினீங்களா?" என்றார். இறுக்கி மூடிவிட்டு இன்னொரு ஜாடி தண்ணீர் எடுத்தேன். முள் பச்சைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆகவே நாங்கள் எங்கும் வருவதாக இல்லை. உன் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்த வீடு இது. உனக்கும் பேத்தி பெத் குட்டிக்கும் முத்தங்கள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதீர்கள்.

பாசமுள்ள அப்பா,
கிளிஃபர்ட்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் உன் அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அந்த ஃபிளாட்டைப் போய்ப் பார்த்தோம். நீ வேலைக்குப் போயிருந்தாய். அங்கே பாய்லரே கிடையாது, வீட்டைச் சூடாக்குவதைக் கட்டிடத்துக்காரர்களே பார்த்துக்கொள்வார்களாம். அது கிடக்கட்டும். சமையலறை ஜன்னலில் நின்றால் பெத் பள்ளிக்கூடம் விட்டு வருவது தெரிகிறது. பையை ஆட்டிக்கொண்டு, காதை மூடாமல் வந்தாள். உன் அம்மா ஜன்னலைவிட்டு நகரவில்லை, எனக்கும் கால் வரவில்லை. சாவி எப்போது தருவார்கள் என்று கேட்டுச் சொல்.