நாத்தனார் இல்லாத நாவல் உண்டா?

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் நம்ம வீட்டுல நேர்ல சந்திக்கிறோம். அந்தக் கிணத்தடிக் காட்சியை நம்ம கவின்ராஜ் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறார். அவர் கூச்சப்பட்டாலும் விடப்போறதில்லை. எல்லாரும் மறக்காம அவங்கவங்க புத்தகத்தைக் கொண்டு வாங்க. வரி வரியாப் பின்தொடரலாம்."

வாசகர் குழுவை நடத்தும் சுப்பையா சாரின் இந்தக் குரல்பதிவு வந்தபோது கவின்ராஜ் நஞ்சன்கூட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தான். தவறாகக் கேட்டிருப்போமோ என்று இன்னொரு தடவை போட்டுக் கேட்டான். அதேதான்.

விஷயம் என்னவென்றால், கவின்ராஜுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

பேசச் சொல்லுங்கள், பிய்த்து உதறுவான். கன்னட நாட்டு ஹனூர்க்காரன். வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், சண்டை வந்தால் இன்னும் நல்ல தமிழ். ஆனால் பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னடம். தமிழ் எழுத்துகளில் 'ட' மட்டும் தெரியும். அதுவும் நாற்காலி மாதிரி இருப்பதால் மனதில் நின்றுவிட்டது. மற்றதெல்லாம் அவனுக்குச் சிந்திக் கிடக்கிற முறுக்குத்தான்.

அப்படிப்பட்டவன் 'காவிரிக்கரை வாசகர்கள்' வாட்ஸ்அப் குழுவின் நட்சத்திர விமர்சகன் ஆனது எப்படி என்று கேட்பீர்கள். எல்லாம் கனகாவின் உபயம்.

கனகா அவன் மனைவி. தாளவாடிப் பெண். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தரவா வேண்டும்! குழு ஆரம்பித்த புதிதில் சென்னையிலிருந்து முதல் புத்தகம் பார்சலில் வந்தது. கவின்ராஜ் அதை முன்னும் பின்னும் புரட்டினான், மோந்து பார்த்தான், பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"கண்ணு எரியுது புள்ள. நீ கொஞ்சம் படிச்சுக் காட்டேன்."

"நானா?" என்றாள் கனகா.

"வேற யாரு? நம்ம வீட்டுல தமிழ்நாட்டுக்காரி நீதானே!"

கனகா புத்தகத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு கண் புத்தகத்திலும் ஒரு கண் குக்கரிலுமாகப் படிக்க ஆரம்பித்தாள். அடடா! மூன்றாவது விசில் வருவதற்குள் கவின்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து நீளமாக ஒரு குரல்பதிவு போட்டான். குழுவே கிடுகிடுத்துப் போயிற்று.

அன்றிலிருந்து மாதம் ஒரு புத்தகம். கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசரான அவனை மேனேஜர் ஹனூருக்குப் பக்கத்து ஊர்ப் பேரைச் சொல்லி "ஏய், கொள்ளேகால்!" என்றுதான் கூப்பிடுவார். குழுவில் அவன் "அண்ணா", "சார்", "ஐயா". அவன் பேசுவதற்காக மனிதர்கள் காத்திருக்கிற ஒரே இடம் அதுதான்.

அவனுக்கென்று ஒரு கொள்கையும் இருந்தது. "நான் படிச்ச வரைக்கும், நாத்தனார் இல்லாத நாவலே தமிழ்ல கிடையாது. எல்லாப் புத்தகத்துலயும் நாத்தனார் வர்றா, வந்து தோசையை எண்ணுறா. புருஷன்காரன் ரிப்பேரான மிக்ஸியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறான். இது நம்ம எழுத்தாளர்கள் நெஞ்சுல ஆறாத காயம்!"

"ஆமா அண்ணா, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்று சொன்னாள் வினிதா.

"ஆழமான பார்வை" என்று சொன்னார் சுப்பையா சார்.

எதற்கும் மசியாத சென்னப்பன் சாரே "ஒத்துக்கறேன்" என்றார். அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். யாராவது குரல்பதிவில் ழகரத்தைக் கொஞ்சம் நசுக்கினால்கூட உடனே போன் போட்டுத் திட்டுவார்.

அந்த மிக்ஸி அத்தியாயத்தைக் கேட்டு மனம் தாங்காமல், கவின்ராஜ் தன் வீட்டு மிக்ஸியைக்கூட ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வந்தான். இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்கிறவர்கள் கனகாவைக் கேட்கலாம்.

இப்போது 'ஈசான மூலைக் கிணறு'. இந்த மாதத்துப் புத்தகம். அதில் செல்லாயி என்ற மருமகள் கிணற்றோடு பேசுகிற காட்சியைக் கவின்ராஜ் சொல்லச் சொல்ல, கேட்டவர்களெல்லாம் மாற்றி மாற்றி அழுத பதிவு போட்டார்கள். அதன் பலன்தான் ஞாயிற்றுக்கிழமை.

வீடு போய்ச் சேருவதற்குள் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. கண்!

"சார், ரெண்டு நாளா எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியுது. வாசிக்க முடியாது போலிருக்கு. மன்னிக்கணும்" என்று குழுவில் சொன்னான்.

வினிதா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. அடுத்த நிமிஷமே அழைத்து, பாதி கன்னடத்தில் பொரிந்தாள்.

"அய்யோ அண்ணா! கண்ணு விஷயத்துல அலட்சியம் பேடா, வேண்டவே வேண்டாம்! நாளைக்கு டூட்டி முடிஞ்சு நேரா கடைக்கு பன்னி, வந்துருங்க. உங்களுக்கு ஃப்ரீ."

போகாமல் இருக்க முடியவில்லை. உட்கார வைத்தாள். மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டினாள். எதிரே பலகையில் கன்னட எழுத்து. தப்புத் தப்பாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். ஆனால் பத்து வருஷம் கன்னட மீடியத்தில் வாங்கிய அடி சும்மா விடுமா? கடைசி வரியில் எறும்பு அளவுக்கு இருந்த எழுத்து வரை கடகடவென்று ஒப்பித்துவிட்டான்.

அன்று மாலை குழுவில் வினிதாவின் குரல்: "கவின் அண்ணாவோட கண்ணு கழுகுக் கண்ணு! கவலையே வேண்டாம். ஞாயித்துக்கிழமை அண்ணாதான் வாசிக்கிறார்!"

கவின்ராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கண் போனால் என்ன, தொண்டை இருக்கிறதே! வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கட்டைக் குரலில் இருமி இருமி ஒரு பதிவு போட்டான். தொண்டை கட்டிவிட்டது, பேச்சே வரவில்லை.

மத்தியானம் வாசலில் சென்னப்பன் சாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கையில் ஒரு பாட்டில் கஷாயம்.

"எங்க வீட்டுல காய்ச்சினது. என் கண்ணு முன்னாலயே குடிங்க."

குடித்தான். காதிலிருந்து புகை வருகிற மாதிரி இருந்தது. "அய்யய்யோ அம்மா!" என்று கத்திய கத்தல் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டது.

"பார்த்தீங்களா, ஒரே மடக்குல குரல் வந்துருச்சு!" என்றார் சென்னப்பன்.

"ஒரு வார்த்தைதான் சார் வருது. தொடர்ச்சியா வரல" என்று கிசுகிசுத்தான் கவின்ராஜ்.

சென்னப்பன் அங்கேயே நின்று சுப்பையா சாருக்குப் போன் போட்டார். இரண்டு பேரும் பேசி முடித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்.

"உங்க வீட்டம்மாவும் பெரிய வாசகின்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அவங்க வாசிக்கட்டும். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பக்கத்தை எடுத்துக் குடுங்க, போதும். நான் புத்தகத்தை வச்சு வரி வரியாச் சரி பார்ப்பேன்."

பக்கத்தை எடுத்துக் கொடுப்பதா! நூற்றுக்கணக்கான பக்கங்களில் எது கிணறு, எது கல்யாணப் பந்தல் என்று அவன் எதைக் கண்டான்? இனி ஒளிக்க வழியில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்த கனகாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"புள்ள, ஒண்ணு சொல்றேன், அடிச்சுராதே. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

கனகாவின் கையிலிருந்த கரண்டி டணாரென்று கீழே விழுந்தது.

"ஒரு எழுத்துமா?"

"ட தெரியும்."

"அப்ப இத்தனை நாளா நான் படிக்கறப்ப, ஒரு தடவையாச்சும் அந்தப் புக்கை எட்டிப் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்து என்ன புள்ள பண்றது?"

கனகா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஒரு நிமிஷம் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, அடுத்த நிமிஷம் அழுகை வருகிற மாதிரி இருந்தது. எழுத்தறியாதவனைக் கட்டிக்கொண்டோமே என்று மனசு உடைந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக் கவின்ராஜ் கூனிக் குறுகினான்.

"ஞாயித்துக்கிழமை நீ வந்து வாசிக்கணும்" என்றான்.

"ஆகவே ஆகாதுங்க!" கனகா எழுந்தேவிட்டாள். "அத்தனை பேரு புக்கைக் கையில வச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. என்னால முடியாது. வேணுமின்னா அந்தக் குரூப்பை விட்டுட்டு வந்துருங்க."

"அதை விட்டா எனக்கு என்ன புள்ள இருக்குது?" கவின்ராஜுக்குக் குரல் உண்மையிலேயே கட்டிக்கொண்டது. "கம்பெனியில என் பேரு சொல்லிக் கூப்பிட ஒரு ஆளு இல்லை. இங்கதான் நான் பேசினா நாலு பேரு கேக்கறாங்க. நான் அதுல சொன்னதுல எதுவும் பொய்யில்லை. அந்தச் செல்லாயிக்காக நெசமாவே அழுதேன். எழுத்து தெரியாதுன்னு தெரிஞ்சா என்னை நாயாட்டம் துரத்திருவாங்க."

கனகா அடுப்படிக்குப் போய்த் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"செல்லாயிக்காகவா அழுதீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா."

"சரி, வாரேன். நான் வாசிக்கறப்ப குறுக்க எதுவும் பேசாதீங்க. வர்றது வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை, குவெம்புநகரில் சுப்பையா சார் வீட்டு ஹாலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஒவ்வொருவர் மடியிலும் 'ஈசான மூலைக் கிணறு'. அத்தனையும் புத்தம் புதிதாக, ஒரு மடிப்பு, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. தன்னுடையதில் சாம்பார்க் கறை இருப்பதைப் பார்த்துக் கவின்ராஜுக்கு அவமானமாக இருந்தது. வாசகர்கள் என்றால் இவர்களல்லவா வாசகர்கள்!

"ஆரம்பிக்கலாமா?" என்றார் சுப்பையா சார்.

கனகா புத்தகத்தை எங்கேயோ விரித்தாள். எல்லாரும் அவளை எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் புத்தகத்தையும் ஏறக்குறைய அந்த இடத்தில் விரித்தார்கள்.

"என்னோடது பழைய பதிப்பு. கொஞ்சம் முன்னால வருது" என்று வினிதா இரண்டு தாளைத் திருப்பினாள்.

சென்னப்பன் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலைப் பக்கத்தின் மேல் வைத்தார். கவின்ராஜுக்கு அந்த விரலைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கனகா வாசித்தாள். முதலில் குரல் நடுங்கியது. பிறகு ஓட ஆரம்பித்தது. செல்லாயி வாளியை இறக்குகிறாள். நாத்தனார் எண்ணி வைத்த தோசைகளை நினைக்கிறாள். கயிறு அறுந்து வாளி தண்ணீரில் விழுகிறது. செல்லாயி குனிந்து கிணற்றுக்குள் பார்த்துச் சொல்கிறாள்:

"'வாளி விழுந்தாப் பாதாளக்கரண்டி போட்டு எடுத்துருவாங்க. நான் இந்த வீட்டுக்குள்ள விழுந்து வருஷக்கணக்காச்சு. என்னை எடுக்க எந்தக் கரண்டியைப் போடுவாங்க?'"

வினிதா விசும்பினாள். சுப்பையா சார் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"நிறுத்துங்கம்மா!" என்றார் சென்னப்பன்.

ஹாலே அதிர்ந்தது. கனகா கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தாள்.

சென்னப்பனின் விரல் பக்கத்தின் நடுவில் அழுத்தமாக நின்றது. "ஒரு வரியை விட்டுட்டீங்க."

கனகா புத்தகத்தைப் பார்த்தாள். சென்னப்பனைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கங்க. 'கிணறு பதில் சொல்லவில்லை. ஆனால் அது கேட்டுக்கொண்டிருந்தது'. இந்த வரிங்களா?"

"ஹாங்! அதேதான்! அதை விட்டா அந்தக் காட்சிக்கே உயிர் இல்லைம்மா. ம், மேல வாசிங்க" என்று விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சுப்பையா சார் தழுதழுத்த குரலில் ஒரு முடிவு அறிவித்தார்.

"இனிமே நாம தனித்தனியாப் படிச்சுட்டு வர வேண்டாம். மாசாமாசம் அம்மா வாசிக்கட்டும், நாம எல்லாரும் கேட்போம். யாருக்காவது ஆட்சேபணை?"

ஒருவருக்கும் இல்லை. பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று கேட்ட பிள்ளைகள் மாதிரி எல்லார் முகத்திலும் அப்படி ஒரு மலர்ச்சி. வினிதா கனகாவைக் கட்டியே பிடித்துக்கொண்டாள். வாசல் வரை வந்து வழியனுப்பிய சென்னப்பன் சார் கவின்ராஜிடம் "குடுத்து வச்சவர் நீங்க" என்றார்.

ஸ்கூட்டர் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காற்று வாங்கிக்கொண்டு போயிற்று. கவின்ராஜ் தரையிலேயே இல்லை.

"மானத்தைக் காப்பாத்திட்ட புள்ள! சாமி மாதிரி வந்து வாசிச்ச! ஆமா, அந்தக் கிணத்து இடம் எந்தப் பக்கம்? வீட்டுக்குப் போனதும் மடிச்சு அடையாளம் வச்சுக்குடு. நாளைக்கு யாராவது கேட்டா எனக்குக் காட்டத் தெரியணுமில்ல?"

பின்னாலிருந்து பதிலே வரவில்லை.

"என்ன புள்ள, தூங்கிட்டியா?"

"வண்டியை ஓரமா நிறுத்துங்க. ஒண்ணு சொல்லணும்."

நிறுத்தினான். கனகா இறங்கி, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"நானும் தாளவாடியில கன்னட மீடியந்தானுங்க. எனக்கு 'ட' கூடத் தெரியாது. செல்லாயி, நாத்தனாரு, மிக்ஸி எல்லாம் இத்தனை நாளா நானாக் கட்டிச் சொன்ன கதை. அதை விடுங்க, எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான்: புக்குலயே இல்லாத கதையில, நான் ஒரு வரியை விட்டுட்டேன்னு அந்தச் சென்னப்பன் சாரு எதைப் பார்த்துங்க கண்டுபிடிச்சாரு?"