தும்மக் கூடாத கார்

பாதுகாப்பு வால்வு என்பது படித்தவர்களிடமிருந்து இயந்திரத்தைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்படுவது. உத்தியோக காலம் முழுவதும் கொதிகலன்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், நம்பலாம்.

அறுபதுகளின் தொடக்கம். இன்ஜினீயரிங் முடித்த கையோடு தென்காசிக்கு வந்த நான், பெரியப்பாவின் பழைய காரில் சூப்பர்சார்ஜர் ஒன்றைப் பொருத்தினேன். (அவர் கேட்கவில்லை. மதராஸில் ராணுவம் கழித்துவிட்ட சாமான்கள் விற்கும் கடையில் அது கிடந்தது. என்னிடம் பட்டம் இருந்தது. வேறென்ன வேண்டும்?) எஞ்சின் தானாக இழுப்பதைவிட அதிகக் காற்றை உள்ளே திணிப்பது அதன் வேலை. அழுத்தம் அளவு மீறினால் ஒரு வால்வு திறந்து மிச்சத்தை வெளியே விட்டுவிடும். விடும்போது 'அச்' என்று சத்தம் வரும்.

அந்தக் காரில்தான் குற்றாலத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். என் ஜாதகத்துக்கு அதுவரை பொருந்தி வந்த ஒரே பெண். தெருமுனையில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். 'அச்'.

பெரியப்பா வண்டியைத் திருப்பச் சொன்னார். நல்ல காரியத்துக்குப் போகும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவது எங்கள் குடும்ப நடைமுறை. செய்தோம். அதே முனையில் மறுபடி தும்மல், மறுபடி தண்ணீர். நான் காற்றழுத்தம் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன்.

"அது தும்மல் இல்ல பெரியப்பா, வால்வு."

"எதுவா இருந்தா என்னலே, தும்முதுல்லா? இன்னொரு தரம் தும்முச்சுன்னா இந்தப் பொண்ணே வேண்டாம்."

ஜாதகத்தைத் திருத்த முடியாது, வால்வைத் திருத்தலாம். ஸ்பேனரை எடுத்து, வால்வின் ஸ்பிரிங் அசையவே முடியாதபடி இறுக்கினேன்.

கார் தும்மவில்லை. பாய்ந்தது. எஞ்சினுக்குள் யாரோ கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. (அதற்கு என்ன அர்த்தம் என்று பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.)

பெண் வீட்டார் வாசலில் காத்து நின்றார்கள். காரின் கம்பீரம் தெரியட்டும் என்று கடைசியாக ஒரு மிதி மிதித்தேன்.

வெடித்தது. பானெட் பிய்ந்து செங்குத்தாக நின்றது. புகைக்குள் தீ. வரவேற்க நின்றவர்கள் வீட்டுக்குள் ஓடினார்கள். பெரியப்பா இருக்கையிலேயே கைகூப்பி உட்கார்ந்திருந்தார். யாருக்கு வணக்கம் என்று அவருக்கே தெரியாது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன்.

கூப்பிடும்வரை வெளியே வரக் கூடாத ஒரே ஆள்தான் வெளியே வந்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு குடம் தண்ணீரை எஞ்சின்மேல் கவிழ்த்தாள். (பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மண்தான் போட வேண்டும் என்பது விதி. சொல்ல வாயைத் திறப்பதற்குள் குடம் காலியாகிவிட்டது.) விதியை மீறித் தீ அணைந்தது. கொதித்துக் கிடந்த இரும்பு, குளிர்ந்த தண்ணீர் பட்டு 'டப்'பென்று குறுக்கே பிளந்தது.

"இன்னும் உள்ளயே இருக்கியளே, இறங்க மாட்டியளா?" என்றாள் என்னிடம். நாங்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். கதவைத் திறந்து இறங்கினேன்.

பெரியப்பாவும் மெல்ல இறங்கினார். பிளந்த எஞ்சினையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவள் அப்பாவிடம் சொன்னார்: "வண்டி இங்கனயே கெடக்கட்டும் அண்ணாச்சி. பொண்ண நாங்க கூட்டிட்டுப் போறோம்."

அந்தக் கார் துருப்பிடித்து, கோழி அடைகாக்கும் இடமாகி, அங்கேயே மக்கியது. மாப்பிள்ளைக்குக் கார் கொடுத்தவர்கள் ஊரில் உண்டு. மாப்பிள்ளையிடம் கார் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தவர் தான் ஒருவர்தான் என்று என் மாமனார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் என் மனைவி சொல்கிறாள். நான் பந்தி விசாரிக்கப் போய்விடுவேன்.