மாமனார் கொடுத்த ஃப்ரிட்ஜில் ஒரு லாகர்

கோயமுத்தூர்க்காரனிடம் ‘இது நம்ம ஊருக்கு ஆகாது’ என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. சொன்னால் செய்து பார்க்காமல் விடமாட்டான். தொண்ணூறுகளில் நான் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தேன். கெமிஸ்ட்ரி படித்தவன், புதிதாகக் கல்யாணம் ஆனவன். தன்னம்பிக்கைக்கு வேறென்ன வேண்டும்?

மெஷின் பழக ஜெர்மனி போய்வந்த நண்பன் செல்வராஜ், வீட்டிலேயே பீர் தயாரிக்க ஒரு மால்ட் டப்பாவும் இரண்டு ஈஸ்ட் பொட்டலங்களும் கொண்டுவந்தான்.

“இது வெக்கையிலயும் வேலை செய்யும். அது லாகர்ங்கற பீருக்கான ஈஸ்ட், குளுகுளுன்னு இருந்தாத்தான் ஆகும். நம்ம ஊருக்கு மொதோ பொட்டலந்தான்டா செரி.”

நான் இரண்டாவதை எடுத்தேன். (வெக்கையில் வேலை செய்யத்தான் நாங்கள் இருக்கிறோமே, ஈஸ்டுக்கு என்ன தலையெழுத்து?) குளிருக்கு வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது.

அது மாமனார் கல்யாணச் சீராகக் கொடுத்தது. ஆனைமலையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். குடிக்கிறவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். “மாப்ளை குடிக்க மாட்டாருங்களே?” என்ற ஒன்றைத்தான் கேட்டுப் பெண் கொடுத்தார். என் அப்பா சத்தியம் செய்யாத குறை. விஷயம் வெளியே வந்தால் அப்பாவின் மானமும் சேர்ந்து போகும்.

மால்ட்டை ஒரு குடம் தண்ணீரில் கரைத்து, ஈஸ்டைத் தூவி, ஃப்ரிட்ஜின் தட்டுகளைக் கழற்றிக் குடத்தை உள்ளே வைத்தேன். என் மனைவி சாந்தியின் இட்லி மாவு வெளியேறியது.

“ஏனுங்க, என்ற மாவு பொங்கி வழியுது. உங்களுது ஒரு குமிழிகூட விடலீங்களே?”

“லாகர்னா அப்படித்தான். அமைதியா வேலை செய்யும்.”

உண்மையில் அந்தக் கடுங்குளிரில் ஈஸ்ட் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. (பொட்டலம் சரியானதுதான் என்று இன்றும் வாதிடுவேன். குளிர்தான் கூடிப்போயிற்று.) நுரை இல்லையென்றால் வேலை முடிந்தது என்று நானே தீர்மானித்து, பாட்டில்களில் ஊற்றி, இறுக்கி மூடி, மறுபடி உள்ளே அடுக்கினேன்.

ஒரு பங்குனி வெயிலில் மாமனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். அவர் செருப்பைக் கழற்றிக் கால் கழுவுவதற்குள் சாந்தி பாட்டில்களை அள்ளிவிட்டாள்.

“அடுப்புக்கு மேல பரண்ல வெச்சுப்போட்டேனுங்க,” என்று காதில் சொன்னாள். கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன்.

பரண் சூட்டில் ஈஸ்ட் விழித்துக்கொண்டு, தூங்கிய நாட்களுக்கும் சேர்த்து வேலை பார்த்தது. ஓரிரு நாளில், மாமனார் சமையலறையில் உட்கார்ந்து தோசைக்குச் சட்னி கேட்ட நேரத்தில் முதல் பாட்டில் வெடித்தது.

“சிலிண்டரு! அம்மணி, வெளிய ஓடு!”

மகளை வெளியே தள்ளிவிட்டு, அவர் மட்டும் உள்ளே நின்று கேஸை மூடினார். அதற்குள் இன்னும் இரண்டு வெடித்து, நுரை அவர் தலையிலிருந்து வேட்டி வரை இறங்கியது. அவர் மேல் ஒரு கீறலும் இல்லை என்று தெரிந்தபோது அழுகையே வந்துவிட்டது.

அவர் மீசையைத் துடைத்து விரலை முகர்ந்தார். “என்னங்க மாப்ளே இது?”

“தென்னைக்கு மருந்துங்க மாமா. நுண்ணுயிர் உரம். உங்க தோப்புக்குன்னு நானே தயார் பண்ணுனேனுங்க.” (கெமிஸ்ட்ரி வீண்போகவில்லை.)

“அப்படீங்களா,” என்றார்.

மிச்சத்தை ஈரச் சாக்கில் சுற்றி ஊருக்கு எடுத்துப்போய், கிணற்று மேட்டில் நின்ற ஒரு தென்னையின் வேரில் ஊற்றினார். தப்பித்தோம் என்று நானும் சாந்தியும் சினிமாவுக்குப் போனோம்.

அடுத்த நோம்பித் திருவிழாவுக்குச் சொந்தபந்தமெல்லாம் தோப்பில் கூடி இளநீர் குடித்தோம். என் கைக்கு வந்த காயை மாமனார் பதவிசாக வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கிணற்று மேட்டைக் காட்டினார்.

“மாப்ளைக்கு அந்த மரத்துல வெட்டுங்க. மத்த ஆருக்கும் வேண்டாம், எல்லாரும் நிதானமா ஊடு போய்ச் சேரோணும் பாருங்க.”

அவர் சிரிக்கவே இல்லை. மற்றவர்கள் சிரித்து முடிக்க வெகு நேரமாயிற்று. இன்றைக்கும் எனக்கு அந்த மரத்து இளநீர்தான். குடித்து முடித்ததும், அத்தனை பேர் பார்க்க, கார் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறாள் சாந்தி.