வரி போட்டாச்சு, அப்புறம் இன்னா?

மனிதரில் ஒரு வகை உண்டு. பெயர் வைத்தே ஆகவேண்டுமென்றால் 'அரசே ஒத்துக்கிச்சு'க்காரர் என்று வைக்கலாம். அரசாங்கம் ஒன்றைத் தடுக்காவிட்டால் அனுமதித்துவிட்டது என்பார். எச்சரித்தால் கவனித்துவிட்டது என்பார். தும்மினால் வாழ்த்திவிட்டது என்பார்.

ஜவ்வாது மலையில் எங்களுக்கு வாய்த்தவர் தமிழ்மணி. உரக்கடைக்காரர். யூரியா விற்பது உபதொழில். கைபேசியில் கிரிப்டோ நாணயம் வாங்குவதும் அடுத்தவரை வாங்க வைப்பதும்தான் முழுநேர வேலை. அந்த லாபத்துக்கு முப்பது சதவீத வரி என்று பட்ஜெட்டில் அறிவித்த அன்று, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். வரி போட்டதைக் கொண்டாடிய மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இல்லாத பொருளுக்கு எவனாச்சும் வரி போடுவானா? அரசே ஒத்துக்கிச்சு!"

வரி போடுவது வேறு, சட்டப்படி செல்லும் பணமாக ஏற்பது வேறு என்று அரசாங்கமே விளக்கியது. "அது வெளிய சொல்றதுங்க." ரிசர்வ் வங்கி எச்சரித்தது. "பொறாமை." இதில் வரும் நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்க முடியாது என்றார்கள். "நஷ்டமே வராதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்குது பாருங்க!" இவரிடம் என்னதான் பேசுவது?

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் சிரிக்கவில்லை. புறம்போக்கில் வீடு கட்டி, அதற்கு வீட்டுவரி கட்டி, அந்த ரசீதைத் தகரப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு, பட்டா இன்று வரும் நாளை வரும் என்று காத்திருப்பவர்கள்தான் இங்கே பாதிப்பேர். ஜெயம்மாளும் அதில் ஒருத்தி. அவளுக்கென்று பட்டாவோடு இருந்தது ஒரு துண்டு நிலமும் அதில் நின்ற புளியமரங்களும்தான்.

"ஏன் தம்பி, துட்டு போச்சுன்னா எந்த ஆபீசுல போயி கேக்கறது?" என்று அவள் சரியாகத்தான் கேட்டாள்.

"யக்கா, உன் வூட்டுக்கு வரி கட்றியா?"

"கட்றேன்."

"எவனாச்சும் வந்து காலி பண்ணச் சொன்னானா?"

"இல்லியே."

"அப்புறம் இன்னா?"

வருஷா வருஷம் பழத்தை மட்டும் விற்பவள், மரங்களையே ஐந்து வருஷக் குத்தகைக்குப் மலையடிவாரத்துப் படவேட்டுப் புளி வியாபாரியிடம் விட்டு, முன்பணத்தைத் தமிழ்மணி காட்டிய செயலியில் போட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் செயலி திறக்காமல் போயிற்று. முதலில் பராமரிப்பு வேலை என்றார். பிறகு, அரசு சரிபார்க்கிறது என்றார். அவருடைய பணமும் அதில்தான் போயிருந்தது, அதற்கும் அசரவில்லை.

ஒருவழியாக இருவரும் மலையிறங்கிக் காவல் நிலையம் போனார்கள். "இத்த நடத்தறது யாரு? எந்த ஊரு?" என்று போலீசார் கேட்டார்கள். தமிழ்மணி கைபேசியைப் பார்த்தார். ஜெயம்மாள் தமிழ்மணியைப் பார்த்தாள். புகாரை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்து அனுப்பினார்கள்.

மாசி மாதம் புளி உலுக்கினார்கள். ஜெயம்மாள் தன் மரத்தடியில் வியாபாரியிடம் கூலிக்குப் புளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார் தமிழ்மணி. முகமெல்லாம் சிரிப்பு.

"யக்கா, ரோசன பண்ணிப் பாத்தேன். புகார வாங்கிக்கினு ரசீது குடுத்தாங்க இல்ல? நம்ம துட்டு இருக்குதுன்னு அரசே ஒத்துக்கிச்சு!"

அவள் கூடையைத் தள்ளிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்கு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அந்த மனிதர் அதை மனதார நம்பினார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஆனால் ஜெயம்மாளுக்காக ஒரு கணம் வருத்தப்பட்டுவிட்டு, இப்போது நீங்கள் என்னிடம் கேட்கத் துடிப்பது எனக்குத் தெரியும்: "அந்தச் செயலி போகட்டும். அரசாங்கத்தில் முறையாகப் பதிவு செய்த நல்ல செயலி எது?"