எட்டாவது நாற்காலி மூச்சு விட்டது

“பொம்பளப் புள்ளைய கிரைம் டீம்ல வெச்சிக்கினா, கேஸ பாக்க ஒரு ஆளு, அத பாத்துக்க ஒரு ஆளு போடணும்யா.”

நான் குற்றப்பிரிவில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்த அன்று, இன்ஸ்பெக்டர், ஏட்டு முருகையனிடம் இப்படிச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கடல் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டில் வளர்ந்த எனக்கு எதுவும் காதில் விழாமல் போகாது. (எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். போலீஸ் ஸ்டேஷனுக்கு முதலில் போனவளும் நான்தான் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். தப்பு. அண்ணன் எனக்கு முன்பே இரண்டு முறை போயிருக்கிறான்.)

ஆறு மாதம் எனக்குக் கிடைத்த வேலை, புகார் கொடுக்க வந்தவர்களை உட்காரச் சொல்வது. பிறகு யாரும் தொட விரும்பாத ஒரு வழக்கு வந்தது.

கடற்கரைக்குப் பக்கத்தில் பழைய பிரெஞ்சுத் தெருவில் ஒரு வீடு. சொந்தக்காரர்கள் பிரான்சில் இருந்தார்கள். பூட்டு போட்டபடியே இருக்க, உள்ளே இருந்த பொருள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் வெள்ளிக் கரண்டிகள், பிறகு ஒரு விளக்கு, கடைசியாக மரத்தில் செதுக்கிய மாதா சிலை. அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். தெருவே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் ‘முசியே’ என்றுதான் கூப்பிடும். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள யாரோ நடக்கறாங்க. அந்த வீட்டுல இருந்து செத்துப்போன மதாம் நட மாதிரியே இருக்குது.”

முருகையன் உடனே கழுத்துத் தாயத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நான் உள்ள உக்காந்து பாக்கறேன் சார்” என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரே ஒரு நாளு. ஆளப் புடிச்சா டீம்ல இரு. சொதப்பினா திங்கக்கெழம வரவேற்பு மேசைக்குப் போயிடணும், இன்னா?”

புதுச்சேரியில் மதியம் ஒரு மணிக்குக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போவார்கள். நாலு மணி வரை தெருவில் நாய்கூட நடக்காது. திருடனுக்கு இதைவிட நல்ல ராத்திரி கிடையாது. மறுநாள் அந்த நேரத்துக்கு முன்பே நான் உள்ளே போய்விட்டேன். கூடத்தில் நாற்காலிகளை வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். முந்தின நாள் குறிப்பில் ஏழு என்று எழுதியிருந்தேன். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, தலையோடு துணியைப் போர்த்திக்கொண்டு நானும் ஒரு நாற்காலியானேன். (யோசனை அப்போது பிரமாதமாகத் தெரிந்தது.)

முதுகுக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் டிக், டிக் என்றது. பொழுது போவதற்காக, நைந்த துணி வழியாக எதிரே இருந்தவற்றை எண்ணினேன். எட்டு. என்னைச் சேர்க்காமல் எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டேதான்.

எட்டாவது நாற்காலி மெல்ல உப்பியது. பிறகு மெல்ல அடங்கியது.

அதே நேரம் பின்னால் வெறுங்கால் நடக்கும் சத்தம். கதவு எதுவும் திறக்கவில்லை, பூட்டு அசையவில்லை. காலடிகள் மட்டும் வந்தன, நின்றன. அப்புறம் அந்த டிக், டிக் சுவரை விட்டு இறங்கியது. இறங்கி, கூடத்தின் ஓரமாக நடந்து, தேய்ந்து, நின்றே போனது.

அப்போது மூளையுள்ள போலீஸ் என்ன செய்திருக்கும்? நகர்ந்து போனதைத் துரத்தியிருக்கும். நானோ, எதிரே உட்கார்ந்திருந்த எட்டாவது நாற்காலியின் மேல் பாய்ந்தேன். அதுவும் அலறியது, நானும் அலறினேன். துணியோடு சுருட்டித் தெருவுக்கு இழுத்து வந்து, “திருடன்! திருடன்!” என்று கத்தினேன். தூக்கம் கலைந்து லுங்கியோடு ஓடிவந்தவர்கள் ஆளுக்கு இரண்டு போட்டார்கள். ஒரு அம்மா துடைப்பத்தோடு வந்தார்.

“ஐயோ மேடம்! நாந்தான், முருகையன்!” என்றது மூட்டை. “உங்களுக்குத் தெரியாம உங்கள பாத்துக்கச் சொன்னாரு சாரு! பின்பக்கக் கதவ சாவி போட்டுத் தெறந்து முன்னாடியே வந்துட்டேன்!”

தெருமுனையில் ஜீப்பில் இருந்த இன்ஸ்பெக்டர் அலறல் கேட்டு உடனே வந்து, உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் வெளுத்த வட்டம் மட்டும் இருந்தது. “அவன் கடியாரத்த கழட்டிக்கினு போறான், நீங்க ரெண்டு பேரும் முக்காடு போட்டுக்கினு உக்காந்திருக்கீங்க. நல்லாருக்குது. திங்கக்கெழம மேசைக்குப் போயிடு செல்வி.”

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, செருப்பை எடுக்க உள்ளே போனேன். அப்போதுதான் பார்த்தேன். மொசைக் தரையில் ஈரக் காலடிகள். வெக்கையில் ஓரங்கள் சுருங்கிக்கொண்டிருந்தன.

“சார், ஓடி வாங்க, காயுது!”

“இன்னாம்மா காயுது?”

அவர் வருவதற்குள் பாதி மறைந்துவிட்டது. மீதி சுவரடியிலிருந்து போய், மூலையிலிருந்த பெரிய மர அலமாரிக்கு முன்னால் முடிந்தது. முருகையன் வாசலிலேயே நின்றுவிட்டார். “வேணாம் மேடம், அது மதாம் அலமாரி.”

திறந்தேன். ரசகற்பூர வாசனை. வரிசையாகத் தொங்கிய கவுன்கள். அவற்றின் நடுவே கையை நுழைத்தேன். பலகையில் முட்ட வேண்டிய கை முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. தோள்வரை போயிற்று. அந்த இருட்டுக்குள்ளிருந்து டிக், டிக் என்று கேட்டது.

இந்த வீடும் அடுத்த வீடும் அண்ணன் தம்பி இருவருடையதாக இருந்த காலத்தில் நடுவே ஒரு கதவு இருந்ததாம். பிற்பாடு அதை அலமாரி வைத்து மறைத்திருக்கிறார்கள்; அலமாரியின் பின்பலகை இப்போது கழற்றப்பட்டிருந்தது. அந்தப் பக்கம், கழுவிவிட்ட முற்றத்தின் ஈரம் காலில் காயாமல், சாப்பாட்டு மேசையில் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார் முசியே. கவுன்களை விலக்கிக்கொண்டு நான் தலையை நீட்டியதும் மனிதர் கடிகாரத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். வாய் மட்டும் பழக்கத்தில், “போன்ழூர்” என்று வணக்கம் சொன்னது.

திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் என் பெயர் குற்றப்பிரிவிலேயே இருந்தது. வீட்டில்தான் மானம் போயிற்று. நாற்காலியில் துணி கிடந்தால் இன்றைக்கும் அண்ணன், “பாத்து உக்காரு, உள்ள ஏட்டு இருக்கப் போறாரு” என்பான்.

ஆனால் அந்தக் காலடிகளை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவற்றைச் சரியாகப் படம் எடுக்கத் தெரியாமல், அன்று செல்போனில் நான் எடுத்ததில் என் நிழல்தான் விழுந்திருந்தது. கடிகாரம் கையோடு அகப்பட்டதால் வழக்கு பிழைத்தது. அடுத்த முறை அப்படி நழுவவிடக் கூடாது என்று, குற்றம் நடந்த இடத்தில் தடயம் எடுக்கும் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். மூன்று மாதம், வெளி மாநிலம், அந்த வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். கையெழுத்துப் போடும்போது இன்ஸ்பெக்டர், “தனியாவா போற…” என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கிக்கொண்டார்.

இதை எழுதும்போது ரயில் விழுப்புரத்தைத் தாண்டிவிட்டது.